பெரியப்பா காரின் இடது கதவு

அச்சில் வந்தால் அது உண்மை. இதுதான் எங்கள் குடும்பத்தின் மதம். சைவம் எல்லாம் அதற்கு அடுத்ததுதான். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து பினாங்கில் குமாஸ்தாவாக உட்கார்ந்த தலைமுறை, அலுவலகச் சுற்றறிக்கையை நம்பி வாழ்ந்தது. அவர்களுக்குப் பிறந்த நான் மோட்டார் பத்திரிகையை நம்பினேன். சுற்றறிக்கையால் யாரும் சாகவில்லை. என் பத்திரிகையாலும் யாரும் சாகவில்லை. இந்தக் கதையில் உள்ள சிக்கலே அதுதான்.

கார் என் பெரியப்பாவுடையது. ரயில்வே குமாஸ்தாவாகச் சேர்ந்து தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை; எங்களோடு ஒரே வீட்டில்தான் இருந்தார். ஓய்வு பெற்ற மறுமாதம், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து, இரண்டே இருக்கை கொண்ட, துணிக் கூரையைச் சுருட்டிப் பின்னால் தள்ளிவிடக்கூடிய, மாம்பழ மஞ்சளில் ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். நெற்றி நிறைய விபூதி, தங்க ஃபிரேம் கண்ணாடி, வெள்ளை வேட்டி. இத்தனையும் தரையோடு தரையாகப் போகும் ஒரு மஞ்சள் காருக்குள். வெள்ளிக்கிழமை தோறும் கோவிலுக்கு அதில்தான் போவார். பக்கத்தில் பெரியம்மா, சேலைத் தலைப்பால் கொண்டையை இறுகக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கோவில் வருவதற்கு முன்பே சாமி கும்பிட ஆரம்பித்திருப்பார்.

அந்தக் காரின் உடம்பு தகரம் இல்லை, ஃபைபர்கிளாஸ். கண்ணாடி நாரைப் பாய் மாதிரி விரித்து, ரெசின் என்கிற பிசினை ஊற்றி, இறுகவிட்டுச் செய்தது. தகரம் இடிபட்டால் நசுங்கும். இது விரிசல் விடும், பிறகு துண்டாக உதிரும். (மனிதர்களிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு. பெரியப்பா தகரம் என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.)

ஒரு மத்தியானம் பர்மா ரோட்டிலிருந்து எங்கள் லோரோங் சந்துக்குள் திரும்பி, வீட்டு வாசலில் காரை நுழைக்கும்போது அவருக்கு நெஞ்சைப் பிடித்தது. காரின் இடது முன்பக்கம் கேட் தூணில் மோதி நின்றது. விளக்கிலிருந்து கதவு வரை மட்கார்டு கிழிந்து, உள்ளங்கை அளவு ஒரு துண்டு சாலையில் கிடந்தது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். காரை நானும் அப்பாவும் தள்ளி வீட்டு முற்றத்தில் விட்டுத் தார்ப்பாய் போட்டு மூடினோம்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சோடு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டது. கால் இரண்டும் வீங்கி, தோல் பளபளவென்று ஆகிவிட்டது. கடைசியில் டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவர் கேக்கிறதக் குடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று லோரோங் முழுவதற்கும் தெரியும்.

பெரியம்மா அவர் யாழ்ப்பாணத்து நண்டுக் கூழ் கேட்பார் என்று எதிர்பார்த்தார். நண்டும் கீரையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"காரில ஒருக்காக் கடற்கரைப் பக்கம் போயிட்டு வரவேணும்" என்றார் பெரியப்பா.

"கார் உடைஞ்செல்லோ கிடக்கு."

"தெரியும். உடைஞ்ச மூஞ்சியோட ஊர்வலம் போகமாட்டன். திருத்துங்கோ."

அப்பா அக்கரையில் பிறையிலும் ஜுருவிலும் இருந்த பட்டறைகளுக்கெல்லாம் போன் போட்டார். தகரமா, கொண்டு வா, தட்டி எடுத்துவிடலாம் என்றார்கள். ஃபைபரா, அது படகு செய்கிறவர்கள் வேலை என்றார்கள். ஒரே ஒருவர் மட்டும் செய்து தருகிறேன், அடுத்த மாதம் கொண்டு வாருங்கள் என்றார். அப்பா ரிசீவரை மெதுவாக வைத்தார். எங்கள் வீட்டில் அப்போது அடுத்த மாதம் என்பது செல்லாத நோட்டு.

இந்த இடத்தில்தான் நான் முன்வந்தேன்.

பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்த காலம். மூளையில் பௌதிகம், கையில் வேலையின்மை. சௌரஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. அங்கே வாங்கிக் குவித்த ஆங்கில மோட்டார் பத்திரிகைகள் என் கட்டிலுக்கடியில் கரப்பான்பூச்சிகளோடு குடும்பம் நடத்தின. அதில் ஒன்றில் இதே வேலை படத்தோடு இருந்தது. ஃபைபர்கிளாஸ் உடம்பில் சிறு சேதத்தை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி. ஒரு நரைத்த வெள்ளைக்காரர், கம்பளி ஸ்வெட்டர் போட்டு, வாயில் புகையும் பைப்போடு, தீப்பற்றும் ரெசின் டப்பாவைக் கையில் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படம் அப்போதே எனக்கு எதையாவது உணர்த்தியிருக்க வேண்டும்.

"ரெண்டு நாள்ல முடிச்சிரலாம் பெரியப்பா" என்றேன்.

"உனக்குத் தெரியுமோ?"

"புத்தகத்துல இருக்கு."

அவர் தலை நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்தது. எங்கள் குடும்பத்தில் அதற்கு மேல் உத்தரவாதம் கிடையாது.

படகுத்துறைப் பக்கத்து ஹார்ட்வேர் கடையில் ரெசின், கண்ணாடி நார்ப் பாய், ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் எல்லாம் வாங்கினேன். ஒத்தாசைக்கு ரஃபீக் வந்தான். கூடப் படித்தவன். அவனுடைய வாப்பா நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்தார். கடை வேன் எப்போதும் ரஃபீக் கையில்தான். அதிலிருந்து இறங்கும் எல்லாவற்றிலும் மீன் குழம்பு வாசம் அடிக்கும், அவன் உட்பட.

பெரியப்பா தன் கட்டிலை முன்கூடத்து ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னார். வேலையைப் பார்க்க வேண்டுமாம். ஆக, ஒரு நோயாளி ஜன்னலுக்குள்ளிருந்து என்னைப் பார்க்க, நான் ஒரு நோயாளிக் காரைச் சுரண்ட ஆரம்பித்தேன். விரிசலின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துக் கரடாக்க வேண்டும். கண்ணாடித் தூள் பறந்து சட்டைக்குள் இறங்கியது. அரிப்பு என்றால் அப்படியொரு அரிப்பு. ரஃபீக் வேன் கதவில் முதுகைத் தேய்த்தான், நான் கேட் தூணில் தேய்த்தேன். காரை உடைத்த அதே தூண்.

"என்ன ராசா, ஆடுறியளோ வேலை செய்யிறியளோ?" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

பிறகு ரெசின். குளிர்காலமானால் ஹார்ட்னரைக் கூடுதலாகச் சேர்க்கவும், வேலை செய்யும் இடத்தைச் சூடாக வைக்க அருகில் ஒரு விளக்கை எரியவிடவும் என்று பத்திரிகை சொன்னது. பைப் தாத்தாவின் ஊரில் ஜனவரி. பினாங்கில் ஏப்ரல் மத்தியானம், முற்றத்துச் சிமெண்டில் வெறுங்காலை வைத்தால் கொப்புளம் வரும். நான் யோசித்தேனா? பெரியப்பாவின் மேசை விளக்கைக் கொண்டு வந்து, ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து, கார் பக்கத்தில் எரியவிட்டேன்.

"மச்சான், எதுக்குடா லைட்டு?" என்றான் ரஃபீக்.

"ரெசினுக்குக் குளிரக் கூடாது."

"குளிரா? என் சட்டையப் பிழிஞ்சா சுடச்சுட ஒரு கிளாஸ் தே ஓ போடலாம்லா!"

"புத்தகத்துல போட்டிருக்குடா."

பழைய பால்மா டின் ஒன்றில் ரெசினை எடுத்து, ஹார்ட்னரைத் தாராளமாக ஊற்றிக் கலக்கினேன். தூரிகையை ஒரு முறைதான் முக்கினேன். இரண்டாம் முறை முக்கியபோது அது வெளியே வரவில்லை. டின்னிலிருந்து முதலில் ஒரு நூல் புகை, பிறகு ஒரு கயிறு புகை. டின் கையைச் சுட்டது. அலறிக்கொண்டு வேலிப் பக்கம் வீசினேன். அங்கே பெரியம்மா பூஜைக்கு வளர்த்த செம்பருத்தி நின்றது. இலை சுருண்டு, இரண்டு நாளில் பட்டுப்போனது. அந்த வீட்டில் பெரியப்பாவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது அந்தச் செம்பருத்திதான்.

அடுத்த கலவையில் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். ஹார்ட்னரைக் கோவில் தீர்த்தம் மாதிரி ஒரு சொட்டுதான் விட்டேன். விளக்கை அணைத்தேன். பாயை விரித்து, ரெசினைத் தடவி, மேலே இன்னொரு பாய், இன்னொரு தடவல். அழகாக வந்தது. சாயங்காலம் தொட்டுப் பார்த்தேன், ஈரம். மறுநாள் காலை தொட்டுப் பார்த்தேன், தேன். அன்று பெரியப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு படி ஏறி இறங்குவது போல இளைத்தார். அப்பா கூடத்திலிருந்து வெளியே வந்து காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார். அப்படிப் பார்த்ததற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

இதற்கிடையில் இறுகாத ரெசின் சும்மா இருக்கவில்லை. மட்கார்டிலிருந்து மெல்ல வழிந்து, கதவிடுக்குக்குள் இறங்கி, கீலையும் விளிம்பையும் அரவணைத்துக்கொண்டிருந்தது. முதலில் கதவிடுக்கில் மெழுகு பூசி, டேப் ஒட்டி மறைக்க வேண்டும் என்று பத்திரிகையில் எழுதியிருந்ததாம். என் பிரதியில் அது இல்லை. எனக்கு முன்னால் அதை வைத்திருந்த புண்ணியவான், பின்பக்கத்தில் இருந்த ஏதோ இலவச கூப்பனைக் கத்தரித்து எடுத்திருந்தான். பத்திரிகையில் ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஓட்டையில் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்கிற மூளைதான் இல்லை.

அன்றைய உச்சி வெயில், நான் விட்ட ஒரு சொட்டு ஹார்ட்னருக்காக மனமிரங்கி, எல்லாவற்றையும் ஒரேயடியாக இறுக வைத்தது. தட்டிப் பார்த்தேன். முற்றிய தேங்காய்ச் சத்தம். ரஃபீக்கைக் கட்டிப்பிடித்தேன்.

மேலே சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. ரெசினோடு நைசான வெள்ளைப் பவுடரைக் கலந்து பூசச் சொன்னது பத்திரிகை. வீட்டில் முகப்பவுடர் தீர்ந்திருந்தது. சாமியறைக்குள் போய் எட்டிப் பார்த்தேன். மரவையில் மலை மாதிரி விபூதி. நைஸ், வெள்ளை, பவுடர். (சொல்லுங்கள், நீங்களாக இருந்தால்?) இந்த முறை வெயிலும் ஹார்ட்னரும் சரியாகச் சேர்ந்து, பூசியது சாம்பல் நிறத்தில் இறுகியது. தேய்த்து முடித்தபோது மஞ்சள் காரின் இடது நெற்றியில், உப்புத்தாள் இழுத்த கோடுகளோடு, சாம்பல் பட்டை.

பெரியப்பா ஜன்னல் வழியாகக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "காருக்கும் திருநீறு பூசிப்போட்டியோ?" என்று சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், உதடு நீலமாகிவிட்டது. பெரியம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே ஜன்னல் வழியாக என்னைப் பார்த்த பார்வையில், கொலைக் குற்றத்துக்குத் தீர்ப்பு எழுதியிருந்தது.

"நாளைக்குப் பெயிண்ட் அடிச்சிட்டா..." என்றேன்.

"நாளைக்கு எண்டு சொல்லாதை" என்றார் பெரியப்பா. "இண்டைக்கே வெளிக்கிடுவம்."

சீட்டைத் துடைக்கலாம் என்று இடது கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். கைப்பிடி வந்தது. கதவு வரவில்லை. ரஃபீக் காலை ஊன்றி இழுத்தான். கடகடவென்று ஒரு சத்தம். புது ஒட்டில் மயிரிழை விரிசல். "விடுடா!" என்று கத்தினேன். கதவைத் திறந்தால் மூஞ்சி உடையும். மூஞ்சியைக் காப்பாற்றினால் கதவு திறக்காது. உள்ளே பெரியப்பா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகக் கட்டிலில் உட்கார்ந்து, "ரெடியோ? ரெடியோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

டிரைவர் பக்கமாக ஏற்றலாமே என்றார் அப்பா. நடுவில் கியர், ஹேண்ட்பிரேக், ஒரு முழ உயரத் திண்டு. வீங்கிய கால் மடங்காது. ஆக மிச்சம் இருந்தது ஆகாயம் மட்டும்தான். கூரை சுருட்டிய கார். மேலிருந்து இறக்குவது என்று முடிவாயிற்று. படுக்கை விரிப்போடு நாலு மூலையையும் பிடித்துத் தூக்கி, காலை முதலில் உள்ளே நீட்டி, பிறகு ஆளை இறக்க வேண்டும். விரிப்பு வெள்ளை. வீட்டில் வேறு நிறம் கிடையாது.

இதற்குள் பெரியம்மா தன் பங்கைச் செய்துகொண்டிருந்தார். ரெசின் நாற்றம் கூடம், அடுப்படி, சாமியறை எல்லாம் புகுந்துவிட்டதால் காலையிலிருந்தே சாம்பிராணி போட்டிருந்தார். ஜன்னல்களிலிருந்து வெண்புகை கிளம்பிக்கொண்டிருந்தது. புறப்படும் வண்டிக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் என்று அப்பாவிடம் ஒன்றைக் கொடுத்தார். டயருக்கடியில் எலுமிச்சம்பழம். இவ்வளவும் செய்துவிட்டு, இந்த நிலைமையில் மனிதனை வெளியே கொண்டு போகிறோமே என்று வாசலில் நின்று அழ ஆரம்பித்தார்.

நான், அப்பா, ரஃபீக். நாலாவது ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் கேஸ் சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்த சீன அண்ணனைக் கூப்பிட்டோம். பாவம், மறுக்காமல் வந்தார். வெயில் கண்ணில் குத்துகிறது என்று பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். நாலு பேரும் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கினோம். கால் முன்னால், தலை பின்னால், வாசல்படி தாண்டி, முற்றத்துக்கு. "மெதுவா, மெதுவா" என்று அப்பா அழுகிற குரலில் சொன்னார்.

சீன அண்ணன் பெரியப்பாவின் முகத்தைக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் மலாயில், பயபக்தியோடு கேட்டார்: "அங்கிள் சுடா மாத்தி கா?" அங்கிள் இறந்துவிட்டாரா என்று.

விரிப்புக்குள்ளிருந்து, கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது. "பெலும் லாகி." இன்னும் இல்லை.

சீன அண்ணன் தன் மூலையை விட்டுவிடப் பார்த்தார்.

ஒருவழியாக அவரைக் காருக்குள் இறக்கினோம். அப்போது எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்ததைப் பார்த்தேன். கனகசபை அங்கிள். எங்கள் ஆட்களின் மரண சகாய சங்கத்துக்குச் செயலாளர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும், எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்வது, நாற்காலி, பந்தல், ஐயர், தேவாரம் ஓதுகிறவர் என்று ஏற்பாடு செய்வது எல்லாம் அவர்தான். அதற்கு முந்தைய சாவில் செய்தி சொல்லப் பிந்திவிட்டார் என்று கூட்டத்தில் அவரை வறுத்தெடுத்திருந்தார்கள். திரை அசைந்தால் அசையட்டும் என்று நான் வண்டியைக் கிளப்பினேன். வாசலில் நின்ற ரஃபீக்கின் வேன், எங்கள் காரை அவர் கண்ணிலிருந்து முழுசாக மறைத்திருக்கிறது என்பதும், கார் தெருவுக்கு வருமுன்பே அவர் போனை எடுக்க உள்ளே ஓடிவிட்டார் என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

குர்னி டிரைவ், கடலோரச் சாலை. வலது கையில் நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பெரியப்பா இடது கையை வெளியே போட்டு, ஒட்டுப்போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே வந்தார். கடல் இறங்கியிருந்தது. சேற்று நாற்றம். அவருக்கு அது போதவில்லை.

"ஏன் மாட்டு வண்டில் ஓட்டுறாய்? விடு."

விட்டேன். காற்றில் அவர் சட்டைக் கழுத்து படபடவென்று அடித்தது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்தக் காரை ஏன் வாங்கினனான் தெரியுமோ?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

சாகப்போகிற மனிதர் ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று வேகத்தைக் குறைத்தேன்.

"எனக்கும் தெரியாது" என்றார்.

சீவிய ஐஸில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் வேண்டுமென்றார். தண்ணீரையே அளந்து கொடுக்கச் சொல்லியிருந்த டாக்டர் அங்கே இல்லை. வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "சீனி கூடிப்போச்சு" என்று கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். தஞ்சோங் புங்கா வரை போய்த் திரும்பினோம். திரும்பும்போது அவர் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

லோரோங் முனையில் திரும்பியதும் பிரேக்கை மிதித்தேன். இரு பக்கமும் கார்கள். லாரியிலிருந்து நாற்காலி இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ பந்தல் கம்பு நட்டார்கள். வெள்ளைச் சேலைகள். மைக் இல்லாமலே உரக்கத் தேவாரம்.

"ஆரோ செத்துப்போச்சினம் போல" என்றார் பெரியப்பா.

"நம்ம வீட்டு முன்னாலதான் பெரியப்பா."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பந்தலைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார்.

"அப்ப நான்தான்" என்றார்.

நான் பின்னால் எடுக்கப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்தார். "எடாதை. மெள்ள விடு. ஆரார் வந்தவை எண்டு பாப்பம்."

ஊர்ந்தோம். பின்னால் நின்றவர்கள் எங்களைக் கவனிக்கவில்லை. எல்லோர் முகமும் வீட்டைப் பார்த்து இருந்தது. பெரியப்பா தணிந்த குரலில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டு வந்தார்.

"உவர் ஆஸ்பத்திரிக்கு எட்டியும் பாக்கேல்லை. மாலையைப் பார், என்ன மொத்தம்... உந்த மனிசி ஏன் அழுகுது? எனக்கு ஆளையே தெரியாது... உவனுக்குச் சிரிப்பு வேற."

திடீரென்று நிறுத்தினார். கால்வாய்ச் சுவரில் ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்து, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். சிவகுரு. பெரியப்பாவோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவர். கார் வாங்கிய புதிதில், சுடுகாட்டுக்குப் போகிற வயதில் சோக்குப் பார் என்று கோவில் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

"நிப்பாட்டு" என்றார் பெரியப்பா.

நின்றது. சிவகுரு நிமிர்ந்தார். மஞ்சள் காரைப் பார்த்தார். அதற்குள் இருந்ததைப் பார்த்தார். அதே நேரத்தில் ஒரு பெண் வீறிட்டாள். தேவாரம் பாதி அடியில் அறுந்தது. லாரியிலிருந்து ஒரு நாற்காலி அடுக்கு மொத்தமாகச் சாய்ந்தது.

சிவகுரு தள்ளாடி எழுந்து வந்து, கதவைப் பிடித்துக்கொண்டார். "அட நாயே" என்றார், அழுகை நிற்காமலே. "நீ சாகேல்லையோ?"

"கதவு திறக்குதில்லை" என்றார் பெரியப்பா.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு கனகசபை அங்கிள் வந்தார். முகம் வெளிறியிருந்தது. "நான் கண்ணால கண்டனான்! வீடெல்லாம் புகை. தேங்காய் உடைச்சாங்கள். வெள்ளைத் துணி. நாலு பேர். கால் முன்னுக்கு! உங்கட மனிசி வாசலில நிண்டு அழுகுது. அந்த வேனில ஏத்தி, சாவுச் சேட்டிபிக்கற் எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறியள் எண்டு நினைச்சன். இதுக்கு மேல எனக்கென்ன சாட்சி வேணும்?"

"என்னைக் கேட்டிருக்கலாம்" என்றார் பெரியப்பா.

பெரியம்மாவும் அப்பாவும் அவ்வளவு நேரமும், வந்தவர் ஒவ்வொருவரிடமும் அவர் உயிரோடுதான் இருக்கிறார், காரில் சுற்றப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். யாரும் நம்பவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பெரியம்மாவின் தலையில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள்.

காரை முற்றத்தில் விட்டோம். அவரைத் தூக்கி இறக்க வந்தவர்களைப் பெரியப்பா தடுத்தார். இருக்கையிலேயே சாய்ந்து, மாப்பிள்ளை மாதிரி, வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கொண்டு வந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் காரின் கண்ணாடியில் போட்டார். இறங்கிய நாற்காலிகளில் எல்லோரும் உட்கார்ந்து கோப்பி குடித்தார்கள். சிவகுரு சுற்றி வந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. பொழுது சாயும் வரை பேசினார்கள்.

அதோடு கதை முடிந்திருந்தால் நான் குடும்பத்தில் ஒரு வீரனாகியிருப்பேன்.

சில நாள் கழித்து, மழை கொட்டிய ஒரு காலையில், பெரியப்பா நிஜமாகவே போய்விட்டார். தூக்கத்திலேயே. கனகசபை அங்கிளுக்குச் சொல்லி வா என்று அப்பா என்னைத்தான் அனுப்பினார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய், சவரம் செய்யும் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார். பெரியப்பாவின் மூக்கடியில் அதைப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் வைத்துக் கண்ணைத் துடைத்தார்.

போன் போட்டார். யாரும் நம்பவில்லை. போன முறையும் இப்படித்தானே சொன்னீர்கள் என்றார்கள். கெப்பாலா பத்தாஸிலிருந்து ஒருவர், இந்த மழையில் ஃபெர்ரி ஏறி வந்து இன்னொரு கோப்பி குடிக்க முடியாது என்றார். ஐயர்கூட மறுபடி கூப்பிட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் புறப்பட்டார்.

பந்தலுக்குள் நாற்காலிகள் வரிசையாகக் காலியாக இருந்தன. மழை ஒழுகி ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேங்கியது. யாரையும் கேட்காமல், யாரும் சொல்லாமல், முதல் ஆளாக நனைந்துகொண்டு வந்தவர் சிவகுருதான்.

"போன முறை பொய்க்கு வந்து அழுதனான்" என்றார் அப்பாவிடம். "இந்த முறை வராம விடுவனோ?"

தூக்குவதற்கு நாலாவது ஆள் அன்றும் இல்லை. ரஃபீக் ஓடிப் போய்ச் சீன அண்ணனைக் கூட்டி வந்தான். அவர் பெரியப்பாவின் முகத்தைக் குனிந்து, ஏதோ பதிலுக்குக் காத்திருப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தார். எந்தப் பதிலும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் தன் மூலையைப் பிடித்தார். எல்லாம் முடிந்து திரும்பியபோது, யாரும் உட்காராத நாற்காலிகளை மடக்கி லாரியில் ஏற்றியது நான்தான். அப்பா தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சொந்தக்காரர்கள் அடுத்தடுத்த நாள்களில், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தனித்தனியாக வந்தார்கள். காரை ஒரு வருடம் கழித்து ஜுருவிலிருந்து ஒருவர் வாங்கிப் போனார். இடது கதவு அப்போதும் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு உறுதியாக நான் வேறு எதையும் செய்ததில்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில், உறுதியாகாத கெட்ட செய்திக்கெல்லாம் ஒரே பெயர்தான். யாருக்கோ வேலை போய்விட்டதாமே, யாருக்கோ கல்யாணம் நின்றுவிட்டதாமே என்றால், அடுத்த கேள்வி அதுதான். பெரியப்பாவைப் பார்த்தே இராத பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள்.

போன வருடம் எனக்கு நெஞ்சில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது. அதே நெஞ்சு, குடும்பச் சொத்து. ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் ஒரு டியூப், கையில் ஒரு டியூப்போடு கிடந்தேன். யாரோ என்னவோ சொல்லி, கோலாலம்பூரிலிருந்து தங்கை என் மனைவியைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அண்ணி, அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சாமே. நெசமாவா... இல்ல ஃபைபர்கிளாஸா?"

மனைவி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் போனை என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். நான் கண்ணைத் திறக்கவில்லை.

"பெலும் லாகி" என்றேன்.